ஏலமலையில் வெனிலா: கொடி நடுவதிலிருந்து காய் மணப்பது வரை

கொடியிலிருந்து அப்போதே பறித்த வெனிலாக் காயை முகர்ந்து பாருங்கள். அவரைக்காய்க்கு இருக்கிற பச்சை வாசனைகூட இருக்காது. மணம் காய்க்குள் சர்க்கரையோடு பிணைந்து கிடக்கிறது. கொடியில் முழுதாக முற்றவிட்டு, பறித்தபின் ஆறு மாதம் சூடும் வியர்வையும் நிழலும் மாற்றி மாற்றிக் கொடுத்தால்தான் அந்தப் பிணைப்பு அவிழும். வெனிலாவில் நட்டப்பட்டவர்களில் பலர் கொடி வளர்க்கத் தெரியாமல் நட்டப்படவில்லை. காயை முற்றவிடவில்லை, பதப்படுத்தும்போது பொறுக்கவில்லை. அதனால் இந்த வழிகாட்டியில் அந்த இரண்டு இடங்களுக்கும், அவற்றுக்கு முன்னால் வரும் பூ ஒட்டும் வேலைக்கும், அதாவது கையால் மகரந்தம் சேர்ப்பதற்கும், அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

வெனிலா ஆர்க்கிட் குடும்பத்துக் கொடி. மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும் அதன் தாயகம். ஆயிரக்கணக்கான ஆர்க்கிட் இனங்களில் சமையலுக்காகத் தோட்டம் போட்டுப் பெரிய அளவில் வளர்க்கப்படுவது இதுதான். நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலையே இல்லாத காட்டு வெனிலா உண்டு. புதரில் பச்சைக் கயிறு தொங்குவதுபோலத் தெரியும். அது தோட்டப் பயிரல்ல, அரிதாகி வரும் செடி. காட்டில் பார்த்தால் ஒரு துண்டுகூட வெட்டாதீர்கள். தோட்டத்துக்கு வேண்டியது அகன்ற சதைப்பற்றான இலை கொண்ட, நாற்றங்காலில் கிடைக்கும் பிளானிஃபோலியா இனம்.

எந்த உயரம், எந்த இடம்

ஏலமலை என்பது இங்கே இடுக்கி மாவட்டத்து ஏலக்காடுகள். குமுளி, வண்டன்மேடு, நெடுங்கண்டம், கட்டப்பனைப் பக்கம் ஏலமும் மிளகும் காப்பியும் வரும் நிலத்தில் வெனிலாவும் வரும். 21 முதல் 32 டிகிரி வெப்பம், ஆண்டுக்கு 150 முதல் 300 செ.மீ. மழை, அதோடு பூ எடுப்பதற்கு முன் இரண்டு மாதம் வறட்சியான காலம் வேண்டும். இந்த வறட்சி இல்லாவிட்டால் கொடி பச்சையாகவே ஓடிக்கொண்டிருக்கும், பூக்காது. கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேலே போகப் போகக் குளிர் கூடி வளர்ச்சி குறையும். மூணாறுபோலத் தேயிலை மட்டும் நிற்கும் குளிர்ந்த உயரத்தில் இதை முயல வேண்டாம். மலையடிவாரத்தில் கம்பம், போடி சமவெளிக் காற்றும் ஆகாது. பிப்ரவரி முதல் மே வரை வீசும் வறண்ட சூட்டில் பிஞ்சு மஞ்சளாகி உதிரும்.

நிலம் லேசான சரிவாக, இலைமக்கு நிறைந்து, தண்ணீர் நிற்காததாக இருக்க வேண்டும். கார அமிலநிலை 6க்கும் 7க்கும் இடையில் இருந்தால் போதும். மழை நாளில் ஒரு சாண் குழி தோண்டி, அதில் நிற்கும் தண்ணீர் அரை மணி நேரத்துக்குள் வடியவில்லை என்றால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

தாங்கு மரம் முதலில்

கொடி வருவதற்குக் குறைந்தது ஆறு மாதம் முன்பே தாங்கு மரம் நட்டுவிட வேண்டும். கிளைரிசிடியா என்கிற சீமைக்கொன்றை எளிது. கல்யாண முருங்கையும் நன்றாக இருக்கும், ஆனால் இலையிலும் தண்டிலும் முடிச்சு உண்டாக்கும் குளவி தாக்கினால் மரம் நொந்து நிழல் போய்விடும். 4 முதல் 5 செ.மீ. கனமும் ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் நீளமும் உள்ள போத்துகளை, வரிசைக்கு வரிசை இரண்டரை மீட்டர், வரிசைக்குள் இரண்டு மீட்டர் விட்டு நடுங்கள். தனிப்பயிராக ஏக்கருக்கு எண்ணூறு கொடி வரை வரும். ஊடுபயிர் என்றால் நூறு, நூற்றைம்பதோடு தொடங்குவதே நல்லது. ஏன் என்பது பூ ஒட்டும் பகுதியில் புரியும்.

மரத்தின் கவைக்கிளை தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் வரும்படி கவாத்து செய்யுங்கள். அதற்கு மேலே போன கொடியில் பூ ஒட்டுவதற்கு ஏணி வேண்டியிருக்கும். நிழல் பாதி, வெயில் பாதி என்பது கணக்கு. நிழல் மிஞ்சினால் கொடி மெலிந்து பூக்காது. வெயில் மிஞ்சினால் இலை மஞ்சளாகி ஓரம் கருகும்.

கொடித்துண்டு

ஒரு மீட்டர் நீளம், பத்து முதல் பதினைந்து கணு உள்ள துண்டு நட்டால் மூன்றாம் ஆண்டில் பூவை எதிர்பார்க்கலாம். இரண்டு கணுத் துண்டைப் பையில் வேர்விட வைத்து நட்டாலும் வளரும், ஆனால் பூக்க இன்னும் ஓரிரு ஆண்டு கூடும். இலையில் தேமல், சுருக்கம், வெளிறிய கோடு தெரியும் கொடியிலிருந்து எவ்வளவு குறைந்த விலைக்குக் கொடுத்தாலும் துண்டு வாங்காதீர்கள். அது வைரஸ். மருந்து கிடையாது. வெட்டும் கத்தியிலும் அசுவினியிலும் பரவும்.

வெட்டும்போது கையில் சாறு படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பட்ட இடம் அரிக்கும், சிலருக்குக் கொப்புளம் போடும். அடிப்பக்கம் மூன்று நான்கு இலைகளை நீக்கி, லிட்டருக்கு 20 கிராம் சூடோமோனாஸ் (நோயைத் தடுக்கும் நல்ல பாக்டீரியாப் பொடி) கரைத்த தண்ணீரில் அரை மணி நேரம் நனைத்து, நிழலில் ஒரு வாரம் தொங்கவிடுங்கள். துண்டு சற்று வதங்கி வளையத் தொடங்கும். வதங்காத துண்டு நடும்போது முறியும், வெட்டுவாயிலும் அழுகல் எளிதாக ஏறும்.

தென்மேற்குப் பருவமழையின் வேகம் அடங்கி, ஆகஸ்ட் கடைசி முதல் அக்டோபர் வரை நடலாம். குழி வேண்டாம். தாங்கு மரத்தின் அடியில் மண்ணைக் கொத்தி, மக்கிய இலைச்சருகு பரப்பி, இலை நீக்கிய மூன்று கணுக்களை அதன்மேல் கிடத்தி, இரண்டு விரல்கட்டை கனத்துக்கு மட்டும் இலைமக்கால் மூடுங்கள். துண்டின் வெட்டுமுனை மண்ணுக்கு வெளியே அரை அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கட்டும். புதைத்தால் அங்கிருந்துதான் அழுகல் ஆரம்பிக்கும். மீதிக் கொடியை வாழைநாரால் மரத்தில் தளர்வாகக் கட்டுங்கள். பிளாஸ்டிக் கயிறு கொடியை அறுக்கும். நான்கு முதல் எட்டு வாரத்தில் வேர் பிடித்து இலைக்கக்கத்தில் முளை தெரியும்.

வளர்க்கும் மூன்று ஆண்டு

வெனிலா வேர் மண்ணுக்குள் ஆழமாகப் போவதில்லை, சருகுக்குள்தான் ஓடுகிறது. ஆகவே மூடாக்குதான் இதற்கு நிலம். ஆண்டுக்கு மூன்று முறை சருகு, மக்கிய தொழு உரம், மண்புழு உரம் போட்டுப் புதுப்பியுங்கள். கொத்துவதும் மண்வெட்டி போடுவதும் அறவே கூடாது. கோழியைத் தோட்டத்துக்குள் விட்டால் ஒரே நாளில் மூடாக்கைக் கிளறி வேரை அறுத்துவிடும். கோடையில் கொடிக்கு நாளொன்றுக்கு இரண்டு மூன்று லிட்டர் தண்ணீர் போதும், அதுவும் மூடாக்கு நனையும்படி தெளிப்பாக.

இயற்கை உரத்தோடு, லிட்டருக்கு 10 கிராம் வீதம் 17:17:17 கலப்புரத்தைக் கரைத்து மாதம் ஒருமுறை இலையிலும் தண்டிலும் தெளித்தால் கொடி கனக்கும். ரசாயனம் வேண்டாம் என்பவர்கள் நன்கு தெளிந்த சாணக்கரைசலும் மண்புழு உர வடிநீரும் கொடுக்கலாம். வளர்ச்சி கொஞ்சம் மெதுவாக இருக்கும், கெடுதல் இல்லை.

கொடி கவையைத் தொட்டதும் அதைத் தாண்டி மறுபக்கம் தொங்கவிடுங்கள். தரையைத் தொட்டதும் ஒரு பகுதியை மூடாக்குக்குள் புதைத்துப் புது வேர் விடவைத்து, நுனியை மீண்டும் மேலே ஏற்றுங்கள். வளைந்து தொங்கும் பகுதியில்தான் பூமொட்டு வரும். நேராக ஏறிக்கொண்டே இருக்கும் கொடி பூப்பது குறைவு. மூன்றாம் ஆண்டில், பூக்கும் காலத்துக்கு ஆறு மாதம் முன்பு, தொங்கும் கிளைகளின் நுனியை 10 செ.மீ. கிள்ளிவிடுங்கள். ஓட்டம் நின்று இலைக்கக்கங்களில் பூங்கொத்து கட்டும்.

பூ ஒட்டுதல்

மெக்சிகோவில் இந்தப் பூவை நாடி வரும் தேனீ இனங்கள் இங்கே இல்லை. கையால் ஒட்டாவிட்டால் காயே கிடையாது. இன்று உலகமெங்கும் செய்யப்படும் எளிய முறையை 1841இல் ரீயூனியன் தீவில் எட்மண்ட் அல்பியஸ் என்ற பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன் கண்டுபிடித்தான். ஏலக்காட்டில் பூ ஒட்டும் ஒவ்வொரு கையும் அவன் கை செய்ததையே இன்றும் செய்கிறது.

இடுக்கிப் பக்கம் பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரை பூ. ஒரு கொத்தில் பதினைந்து இருபது மொட்டு இருக்கும். அடியிலிருந்து மேலாக நாளுக்கு ஒன்று, சில நாள் இரண்டு விரியும். விடியலில் விரிந்த பூ மதியத்துக்குள் வாடத் தொடங்கிவிடும். காலை ஆறிலிருந்து பத்து வரை சிறந்த நேரம், பன்னிரண்டைத் தாண்டவே கூடாது.

வேண்டிய கருவி பல்குச்சி, அல்லது நுனியை மழுக்கிச் சீவிய தென்னை ஈர்க்கு. பூவை இடக்கையில் பின்புறமிருந்து ஏந்துங்கள். வெளிர்ப்பச்சை மடல் ஐந்து, நடுவில் குழல்போலச் சுருண்ட உதட்டு மடல் ஒன்று. அந்தக் குழலைக் குச்சியால் பக்கவாட்டில் கீறி விலக்கினால் உள்ளே வெள்ளைத் தண்டுபோல ஒன்று நிற்கும். அதன் உச்சியில் தொப்பிக்குள் மஞ்சள் மகரந்தத் திரள். அதற்குக் கீழே மெல்லிய நாக்குபோல ஒரு திரை. திரைக்குப் பின்னால் ஒட்டும் பசையோடு சூல்முடி. இந்தத் திரை ஒன்றுதான் ஆண் பாகத்தையும் பெண் பாகத்தையும் சேரவிடாமல் தடுக்கிறது. குச்சி நுனியைத் திரைக்கு அடியில் கொடுத்து மேல்நோக்கித் தூக்குங்கள். தூக்கியபடியே இடக்கைக் கட்டைவிரலால் மகரந்தத் தொப்பியை மெல்லச் சூல்முடிமேல் அழுத்துங்கள். குச்சியை உருவிக்கொள்ளுங்கள். மஞ்சள் திரள் பசையில் ஒட்டிக்கொண்டது கண்ணுக்குத் தெரிய வேண்டும். பழகிய கைக்குச் சில நொடி வேலை இது. ஒருவர் ஒரு காலையில் ஆயிரம் பூவுக்கு மேல் ஒட்டுவது சாதாரணம்.

ஒட்டியது பிடித்ததா என்பது மூன்றாம் நாள் தெரியும். பிடித்திருந்தால் பூ வாடிக் காம்பிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். பிடிக்காதது தொட்டால் விழும். நிறைய விழுந்தால் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று: திரை முழுதாக மேலே போகவில்லை, கட்டைவிரல் அதிகம் அழுத்தி உள்தண்டு நசுங்கிவிட்டது, பூ மழையிலோ பனியிலோ நனைந்திருந்தது. நனைந்த பூ என்றால் அரை மணி நேரம் காயவிட்டுத் தொடுங்கள்.

எல்லாப் பூவையும் ஒட்ட ஆசை வரும். வேண்டாம். கொத்துக்கு எட்டு முதல் பத்து, அதுவும் கீழ்ப்பக்கம் பார்த்த பூக்கள். அவற்றின் காய்தான் நேராகத் தொங்கும், மேல்பக்கக் காய் வளையும். கொடிக்குப் பத்துக் கொத்து போதும். முதன்முதலாகப் பூக்கும் கொடிக்கு நான்கைந்து. மீதி மொட்டைக் கிள்ளி எறியுங்கள். அதிகம் ஒட்டினால் காய் சிறுக்கும், அடுத்த ஆண்டு பூ குறையும், களைத்த கொடியை வாடல் நோய் எடுத்துக்கொள்ளும்.

இப்போது எண்ணிக்கைக்கு வருவோம். நூறு கொடி, கொடிக்குப் பத்துக் கொத்து, கொத்துக்கு நாள் ஒரு பூ என்றால், உச்சத்தில் ஒரு காலைக்கு ஆயிரம் பூ. அதாவது நூறு கொடிக்கு ஒரு பழகிய ஆள், விடுமுறை இல்லாமல், ஐந்தாறு வாரம். ஏலக்காட்டு வேலைக்குக் கம்பம், தேவாரம் பக்கமிருந்து ஜீப்பில் ஏறி வருகிறவர்கள் காடு சேரும்போது பூவின் நல்ல நேரத்தில் பாதி போயிருக்கும். வெனிலாவுக்கு ஆள் தோட்டத்திலேயே தங்கியிருக்க வேண்டும், அல்லது வீட்டார் ஒட்ட வேண்டும். இந்த ஏற்பாடு உறுதியான பிறகே கொடி எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள்.

அழுகலும் உதிர்வும்

வேரழுகல் வந்தால் வேர் பழுப்பாகி, கொடி சுருங்கி, நடுவில் மஞ்சளாகும். பியூசேரியம் பூஞ்சைதான் காரணம். அழுகிய பகுதியை நல்ல தண்டு ஒரு விரல்கட்டை சேர வெட்டி எடுத்துத் தோட்டத்துக்கு வெளியே எரியுங்கள். மேலே உள்ள நல்ல கொடியை இறக்கிப் புது மூடாக்கில் வேர்விடச் செய்தால் அதே கொடியைக் காப்பாற்றலாம். டிரைக்கோடெர்மா என்ற நல்ல பூஞ்சை கலந்த தொழு உரத்தை மழைக்கு முன்னும் பின்னும் போடுவது முன்காப்பு.

ஆடி மழையில் காயும் தண்டும் நீர்கோத்ததுபோல அழுகினால் அது பைட்டோப்தோரா என்ற நுண்ணுயிரால் வரும் அழுகல். நிழல் மரத்தை மே மாதமே கவாத்து செய்து, காற்று போகவிட்டு, ஒரு சத போர்டோ கலவை தெளியுங்கள். ஒரு கிலோ மயில்துத்தத்தை 50 லிட்டரிலும் ஒரு கிலோ நீற்றுச் சுண்ணாம்பை 50 லிட்டரிலும் தனித்தனியே கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்றிக் கலக்க வேண்டும். தீட்டிய இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் முக்கிப் பாருங்கள். செம்பு நிறம் படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேருங்கள். சூடோமோனாஸ், டிரைக்கோடெர்மா போட்டிருந்தால் இதற்கும் அதற்கும் மூன்று வாரம் இடைவெளி விடுங்கள், இல்லையேல் துத்தம் அவற்றையும் கொன்றுவிடும்.

பிப்ரவரியிலிருந்து பிஞ்சு மஞ்சளாகி உதிர்வதற்கு வெப்பமும் வறண்ட காற்றும் முதல் காரணம், பூஞ்சை அதன்பின் வருகிறது. அந்த மாதங்களில் நிழல்வலை கட்டி, காலையில் நீர் தெளித்து ஈரப்பதத்தைக் கூட்டுங்கள். காயின் நுனியில் ஒட்டியிருக்கும் உலர்ந்த பூவை நீக்கிவிட்டால் பூஞ்சை தங்க இடம் குறையும். நத்தையை இரவில் விளக்கு வைத்துக் கையால் பொறுக்குவதுதான் நல்ல வழி.

எப்போது பறிப்பது

ஒட்டிய ஆறு வாரத்திலேயே காய் முழு நீளத்தை அடைந்துவிடும். இதைப் பார்த்துத்தான் பலரும் ஏமாறுகிறார்கள். முற்ற ஒன்பது முதல் பதினொரு மாதம் வேண்டும். காயின் அடிநுனியில் பச்சை வெளிறி, வைக்கோல் மஞ்சள் ஒரு நகக்கண் அளவு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். அதுதான் பறிக்கும் நாள். அதற்கு முன் பறித்தால் மணம் உருவாகியிருக்காது, உலரும்போது பூஞ்சை பிடிக்கும். மஞ்சள் பாதிக் காய் ஏறும்வரை விட்டால் நுனி வெடித்து இரண்டாம் தரமாகிவிடும். ஒரே கொத்தில்கூட எல்லாக் காயும் ஒரே நாளில் முற்றாது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் தோட்டத்தைச் சுற்றி, முற்றியதை மட்டும் ஒவ்வொன்றாக எடுங்கள். கொத்தோடு அறுப்பது மொத்த உழைப்பையும் கெடுக்கும்.

மடகாஸ்கரில் 2000 ஏப்ரலில் ஹுடா புயல் வெனிலாத் தோட்டங்களை அழித்தபின் உலக விலை ஏறியது. 2003-04இல் இங்கே பச்சைக் காயே கிலோ ஆயிரக்கணக்கில் போனது. இரவில் கொடியோடு அறுத்துக்கொண்டு போனார்கள். திருட்டுக்குப் பயந்து ஆறாம் ஏழாம் மாதமே பறித்தவர்கள் உண்டு. அந்தக் காயில் மணமில்லை, வாங்கியவர்கள் மறுபடி வரவில்லை. ஓரிரு ஆண்டில் விலையும் சரிந்து, ஏலக்காடுகளில் கொடிகளைப் பிடுங்கிப்போட்டார்கள். திருட்டுப் பயம் இருந்தால் காய் இளசாக இருக்கும்போதே குண்டூசியால் தோலில் உங்கள் அடையாளப் புள்ளிகளைக் குத்திவிடுங்கள். உலர்ந்தபின்னும் தழும்பு நிற்கும். மடகாஸ்கர் விவசாயிகள் செய்வது இதுதான்.

பதப்படுத்துதல்

பறித்து ஒரு வாரத்துக்குள் தொடங்க வேண்டும். முதலில் கழுவி, 15 செ.மீ.க்கு மேல், 10 முதல் 15, அதற்கும் கீழ் என்று மூன்றாகப் பிரியுங்கள். வெடித்ததும் வடுப்பட்டதும் கடைசிக் குவியலில். தரம் பிரிக்காமல் ஒன்றாக வேகவைத்தால் சிறியது கருகும், பெரியது பச்சையாக நிற்கும்.

தண்ணீரை 63 முதல் 65 டிகிரிக்குச் சூடாக்குங்கள். கைப்பதம் பார்க்கிற வேலை இது இல்லை, வெப்பமானி கட்டாயம். மூங்கில் கூடையில் ஐந்து கிலோ காய் என்றால் இருபது லிட்டர் தண்ணீராவது இருக்கட்டும், இல்லாவிட்டால் காய் இறங்கியதும் சூடு இறங்கிவிடும். பெரிய காய் மூன்று நிமிடம், நடுத்தரம் இரண்டரை, சிறியது இரண்டு. இந்தச் சூட்டில் காயின் உயிர்ச்செயல் நிற்கிறது, மணத்தைச் சர்க்கரையிலிருந்து பிரிக்கும் நொதி மட்டும் வேலையைத் தொடங்குகிறது. 70 டிகிரி தாண்டினால் நொதியும் செத்துவிடும். பிறகு எத்தனை மாதம் காயவைத்தாலும் கரிய தோல்தான் மிஞ்சும். சூடு குறைந்தால் காய் தொடர்ந்து பழுத்து வெடிக்கும்.

வடித்த காயைச் சூட்டோடு கறுப்புக் கம்பளியில் சுருட்டி, உள்ளே கம்பளி விரித்த மரப்பெட்டியில் வைத்து மூடுங்கள். மறுநாள் திறந்தால் பச்சை போய்ச் சாக்லேட் பழுப்பு வந்திருக்கும், மூடியைத் தூக்கும்போதே முதல் மணம் ஏறும். பச்சைத் திட்டு தெரியும் காயைத் தனியே எடுத்து மறுபடி வெந்நீர் காட்டுங்கள்.

அடுத்த பத்துப் பன்னிரண்டு நாள், உச்சி வெயிலில் உயரமான பந்தல்மேல் கம்பளி விரித்து ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் காயவிட்டு, காய் 50 டிகிரியைத் தொட்டதும் சூட்டோடு சுருட்டிப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். இரவெல்லாம் வியர்க்கும். வெறும் தகரத்திலோ சிமெண்டுத் தளத்திலோ பரப்பாதீர்கள். நமக்கு இங்கே ஒரு சிக்கல், அறுவடை தொடங்கும் நவம்பரில் வடகிழக்குப் பருவமழையும் நிற்கிறது. வெயில் இல்லாத நாளில் ஏலக்காய் ஸ்டோரின் சூட்டைப் பயன்படுத்தலாம் என்று தோன்றும். ஏலம் உலரும் அறையில் வைத்தால் வெனிலா ஏலமாக மணக்கும், அடுப்புப் புகை பட்டால் அதுவும் ஏறும். தனி அறையில், புகை வராத சூட்டில், 45 முதல் 50 டிகிரியில் அதே ஒன்றரை மணி நேரம் கொடுங்கள்.

காய் வளைந்து கொடுக்கும் பதம் வந்ததும் வெயில் போதும். இனி நிழல். காற்றோட்டமான அறையில், 35 டிகிரிச் சூடு, 70 சத ஈரப்பதம் இருக்கும்படி, ஒரு சாண் இடைவெளித் தட்டுகளில் இரண்டு மூன்று மாதம். இந்த நாட்களில் ஒவ்வொரு காயையும் விரல்களுக்கு இடையே இழுத்து நேராக்குங்கள். எண்ணெய்ப் பசை தோலில் பரவிப் பளபளப்பு வரும். வாரம் இருமுறை எல்லாவற்றையும் பார்த்து, வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் அந்தக் காயை உடனே விலக்குங்கள். ஒரு காய் ஒரு தட்டையே கெடுக்கும். விரலில் சுற்றினால் முறியாமல் சுற்றி, விட்டதும் மெல்ல நிமிர்ந்தால் நிழல் உலர்த்தல் முடிந்தது. சொறசொறவென்று முறிந்தால் அதிகம் காய்ந்துவிட்டது.

கடைசியாக ஐம்பது ஐம்பதாகக் கறுப்பு நூலில் கட்டி, மெழுகுத்தாளில் சுற்றி, மூடிய தகரப்பெட்டியில் இன்னும் இரண்டு மூன்று மாதம். வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள். முழு மணம் இங்கேதான் வருகிறது. நன்கு முற்றிய காயில் சில நேரம் ஊசிபோல வெள்ளைப் படிகம் பூக்கும். அதைப் பூஞ்சை என்று துடைத்துவிடாதீர்கள். வெளிச்சத்தில் மின்னினால் படிகம், பஞ்சுபோல இருந்தால் பூஞ்சை.

ஐந்து முதல் ஆறு கிலோ பச்சைக் காய்க்கு ஒரு கிலோ பதப்படுத்திய காய். விற்பதற்குக் கொடி நடும் முன்பே வாங்குபவரைத் தேடிப் பேசிவையுங்கள். சந்தேகங்களுக்கு மைலாடும்பாறையில் ஸ்பைசஸ் போர்டின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, கோழிக்கோட்டில் இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. வீட்டுக்கு எடுத்துவைக்கும் காயை நீளவாக்கில் பிளந்து, கத்தி முதுகால் கறுப்பு விதையைச் சுரண்டி, அரை லிட்டர் பாலில் போட்டுச் சிறுதீயில் கொதிக்கவிடுங்கள். சுரண்டிய தோலை எறிய வேண்டாம். உலர்த்தி, அரைக் கிலோ சர்க்கரைக்குள் புதைத்து மூடிவைத்தால் இரண்டு வாரத்தில் அந்தச் சர்க்கரை முழுதும் மணக்கும்.